தேறல்

தமிழில் 'தேறல்' என்றொரு பழஞ்சொல் உண்டு. தெளிந்த மது என்பது அதன் பொருள். 'தேறு' என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. நோயினின்று எழுந்தவனைத் 'தேறிவிட்டான்' என்கிறோம். தேர்வில் வென்ற பிள்ளையையும் அவ்வாறே சொல்கிறோம். இழவு வீட்டில் அழுதிருப்பவளிடம் 'மனத்தைத் தேற்றிக்கொள்' என்கிறோம். வண்டல் அடியில் தங்க மேலே தெளிந்து நிற்கும் மதுவையும், துயரம் அடங்கித் தெளிந்து நிற்கும் மனத்தையும் நம் முன்னோர் ஒரே வேர்ச்சொல்லால் குறித்தனர்.

அயல்நாட்டுத் தேறலும் அவர்களுக்குப் புதிதன்று. யவனர் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர அருந்தி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் காண்கிறோம். 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகள் உடைந்த ஓடுகளாகக் கிடைத்தன. மலைநாட்டு மக்கள் மூங்கிற் குழாயில் மதுவை ஊற்றி முதிரவைத்த செய்தியை மலைபடுகடாம் சொல்கிறது. மதுவை நாட்பட வைத்துத் தெளியச் செய்யும் கலை ஐரோப்பியருக்கே உரியது என்று நாம் எண்ண வேண்டியதில்லை.

ஆயினும், வெண்ணந்தூர்ப் பகுதியில் பணியாற்றும் ஒரு பங்குக் குரு பழைய பிரெஞ்சு இரசத்தின் சுவையைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமா என்னும் கேள்வி வாசகர் நெஞ்சில் எழும். எழவேண்டும். இது தறிகளின் ஊர். விடியுமுன் தொடங்கும் தறிச் சத்தம் இரவிலும் ஓய்வதில்லை. வாரக் கூலி கைக்கு வரும் நாளில் அக்கூலியில் எவ்வளவு வீடு வந்து சேரும் என்று கணக்கிட்டபடி வாயிற்படியில் நிற்கும் பெண்களை நான் அறிவேன். இந்தியாவிலேயே முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜியின் அமைச்சரவை அதைக் கொண்டுவந்தது. இன்று அதே மண்ணில் அரசே கடை வைத்து விற்கிறது. இத்தகைய இடத்தில் மதுவைப் புகழ்வது புண்ணில் கோலிடுவதாகும்.

நம் விவிலியமே இத்தயக்கத்தை அறிந்திருக்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் கானாவூர்த் திருமணத்தில் தீர்ந்துபோவது 'திராட்சை இரசம்'. பழைய தோற்பையில் ஊற்றக் கூடாதென ஆண்டவர் சொல்வதோ 'திராட்சை மது'. கிரேக்க மூலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான். அன்னை மரியா பரிந்துரைத்ததும் ஆண்டவர் அருளியதும் 'மது' என்று சொல்லத் தமிழ் நாவுக்குக் கூசுகிறது. அக்கூச்சத்தை நான் மதிக்கிறேன். அதை மனத்திற் கொண்டே மேலே எழுதுகிறேன்.

மேற்படிப்பிற்காகச் சில ஆண்டுகள் நான் பிரான்சில் இருக்க நேர்ந்தது. குருக்கள் குறைந்துவிட்ட அந்நாட்டில் கோடை விடுமுறைக் காலத்தில் கிராமப் பங்குகளைக் கவனிக்க நம்மைப் போன்ற வெளிநாட்டுக் குருக்களை அழைப்பதுண்டு. அவ்வாறே 2010ஆம் ஆண்டு கோடையில் போர்தோ மறைமாவட்டத்தில், சேன்ட் எமிலியோன் நகரை அடுத்த சிற்றூர்களுக்குச் சென்றேன். எட்டாம் நூற்றாண்டில் அங்கே ஒரு குகையில் தவமிருந்த எமிலியோன் என்னும் துறவியின் பெயரே அந்நகருக்கு வாய்த்தது. அவர் பெயரால் பின்வந்தோர் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து நிலத்தடியில் ஒரு பெருங்கோயிலை அமைத்தனர். அப்பாறைக் குடைவுகளிலேயே பலர் இரசப் புட்டிகளையும் அடுக்கி வைத்திருக்கின்றனர். கோடையிலும் குளிரிலும் அங்கே ஏறத்தாழ ஒரே தட்பம் நிலவும், வெளிச்சம் புகாது, அதிர்வு இராது. ஒரே பாறைக்குள் செபமும் இரசமும் காத்திருக்கக் கண்டேன்.

அவ்வாண்டு விண்ணேற்புப் பெருவிழாத் திருப்பலி முடிந்ததும், எழுபது வயதுத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் என்னைப் பகலுணவிற்கு அழைத்தார். மேசையில் எட்டுப் பேர். அவர் தம் தோட்டத்திலேயே விளைந்த நான்கு ஆண்டுகளின் செவ்விரசத்தை எடுத்து வைத்திருந்தார்: 2003, 1991, 1982, 1961. நிலம் ஒன்று, கொடிகளின் இனம் ஒன்று, செய்முறையும் ஏறக்குறைய ஒன்று. வேறுபட்டது வானம் மட்டுமே. அந்நாட்டில் புட்டியின்மேல் எழுதப்படும் ஆண்டு, பழம் பறிக்கப்பட்ட ஆண்டாகும். அவ்வாண்டின் மழையும் வெயிலும் பனியும் அதற்குள் அடைபட்டிருக்கின்றன என்பது அதன் பொருள்.

அவரிடம் நான் கற்ற முதற்பாடம், பழையதெல்லாம் நல்லதன்று என்பது. உலகில் உண்டாகும் இரசத்தில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில் அருந்தத் தக்கதே, வைத்திருந்தால் கெடும். நெடுங்காலம் நிற்கக்கூடியது இளமையில் துவர்ப்பாய் இருப்பதே. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள அத்துவர்ப்பை அறிவியலார் டானின் என்பர். கடுக்காயிலும் வாழைப்பூவிலும் தேயிலையிலும் நாம் அறிந்த துவர்ப்பும் அவ்வகையினதே. ஆண்டுகள் செல்லச் செல்ல அத்துவர்ப்புப் பொருளின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து பெருத்து, நிறத்தையும் தம்மோடு இழுத்துக்கொண்டு புட்டியின் அடியில் வண்டலாகப் படிகின்றன. இரசத்தின் நிறம் வெளிறுகிறது. சுவை மென்மை பெறுகிறது. தக்கையின் வழியே மிகச் சிறிதளவு காற்று புகுந்து இவ்வேலைக்குத் துணைசெய்கிறது. அதிகம் புகுந்தாலோ புளித்துக் காடியாகிவிடும்.

இளம் இரசத்தைத் தெளிவிக்கும் பழைய முறை ஒன்றையும் அவர் விளக்கினார். 225 லிட்டர் கொள்ளும் ஓக் மரப்பீப்பாய் ஒவ்வொன்றிலும் ஐந்தாறு முட்டைகளின் வெண்கருவை அடித்துக் கலப்பார்களாம். அது கலங்கலைப் பற்றிக்கொண்டு மெல்லக் கீழிறங்கும். நாட்டிற்கே முட்டை வழங்கும் நாமக்கல் மாவட்டத்திலிருந்து வந்தவன் நான் என்றேன். மேசையில் இருந்தோர் அனைவரும் சிரித்தனர்.

இளையதிலிருந்து முதியதற்குச் செல்வது அங்கே முறை. முதலில் 2003 வந்தது. நாவற்பழ நிறம், வெயிலில் காய்ந்த திராட்சையும் பனைவெல்லப் பாகும் கலந்தாற்போன்ற மணம். நாவில் பட்டவுடன் இனித்து, தொண்டையில் சூடாக இறங்கியது. பழகாத என் நாவுக்கு அதுவே மிகப் பிடித்தது. ஆனால் அவர் அதைத் தயக்கத்தோடுதான் ஊற்றினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஐரோப்பாவைச் சுட்ட வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். பெரும்பாலோர் முதியோர், பலர் தனியே வாழ்ந்தவர்கள். நகரத்தில் தனித்திருந்த அவருடைய தமக்கை அவர்களுள் ஒருவர். பழங்களை இனிப்பாக்கிய அதே வெயில் அது. "இந்த இனிப்பை எங்களால் புகழ முடியாது, சாமி" என்றார் அவருடைய மனைவி.

அடுத்தது 1991. நிறம் மெலிந்து, சுவை நீர்த்து, நாவில் நில்லாமல் போயிற்று. பழுக்காத காயின் பச்சை மணம் சிறிது இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் நாள் இரவு விழுந்த உறைபனியில் தளிர்கள் ஒரே இரவில் கருகின. பின்னர்த் துளிர்த்தவற்றில் கிடைத்த சிறு விளைச்சலைக் கொண்டு செய்தது இது. விருந்தினர்க்கு ஏன் இதை ஊற்றுகிறீர் என்று கேட்டேன். "அந்த ஆண்டையும் நாங்கள் வாழ்ந்தோமே" என்று மட்டும் மறுமொழி சொன்னார்.

1982 அவ்வட்டாரத்தார் பெருமையோடு பேசும் ஆண்டு. விளைச்சல் மிகுதி, பழுப்பும் நிறைவு. இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தும் அதில் பழத்தின் சுவையும் முதுமையின் மணமும் ஒன்றையொன்று நெருக்காமல் அருகருகே நின்றன. நன்கு வாழ்ந்த ஒரு வீட்டின் முற்றத்தில் அமர்ந்திருப்பதுபோல் இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை. மகிழ்ச்சிக்கு வரலாறு குறைவு.

இறுதியாக 1961. அப்புட்டியை இரண்டு நாள்களுக்கு முன்பே நிமிர்த்தி வைத்திருந்தார், வண்டல் அடியில் தங்குவதற்காக. புட்டியின் கழுத்துக்குப் பின்னே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, அதன் ஒளியில் பார்த்துக்கொண்டே வேறொரு கண்ணாடிக் குடுவைக்குள் நூல்போல் ஊற்றினார். வண்டலின் கரிய கீற்று கழுத்தை நெருங்கியதும் நிறுத்திவிட்டார். கீழே இரண்டு விரற்கடை இரசம் வண்டலோடு நின்றது. யாரும் அதற்கு வருந்தவில்லை. குடுவையில் இருந்ததன் விளிம்பு செங்கல் நிறம் கொண்டிருந்தது. உதிர்ந்த இலை, பழைய மரப்பேழை, புகையிலை, முதல் மழை விழுந்த செம்மண் இவற்றின் மணம். துவர்ப்பு முற்றும் மறையவில்லை. பசை போக அவித்த பட்டுநூல் போல மென்மையாகியிருந்தது. பச்சைப் பட்டு எவ்வளவு விறைப்பானது, அவித்த பின் எவ்வளவு குழைவானது என்பது நம் நெசவாளர்களுக்குத் தெரியும்.

1961இன் வசந்தத்தில் பூக்கும் காலத்துக் குளிர் விளைச்சலைக் குறைத்துவிட்டது. எஞ்சிய சில கனிகளில் கொடியின் வலிமையெல்லாம் சேர்ந்தது. அவ்வாண்டு அப்பழங்களைப் பறிக்க அவர் ஊரில் இல்லை. அல்சீரியப் போரில் கட்டாயப் படைவீரராக இருந்தார். அறுவடையைத் தாயும் பாட்டியும் செய்தனர். ஊர் திரும்பிய பிறகு அப்போரைப் பற்றி மனைவியிடம்கூட அவர் பேசியதில்லை. அன்று அக்கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தாம் அங்கே கண்ட ஒன்றைச் சொன்னார். அது என்னவென்று எழுத எனக்கு உரிமையில்லை. அவர் குரலில் சினம் இல்லை. தன்னை நியாயப்படுத்தும் முயற்சியும் இல்லை. நடந்ததை நடந்தவாறு சொன்னார். அவர் மனைவி அவருடைய மணிக்கட்டில் கைவைத்தார். எட்டுப் பேருக்குப் பகிர்ந்ததில் எனக்குக் கிடைத்தது சில மிடறுகளே. அதற்கு மேல் வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று நான் அறிந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: முதிர்ந்த இரசத்தை மக்கள் நினைவுகூர்வதற்காக அருந்துகிறார்கள். ஒவ்வோர் ஆண்டையும் அதன் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். நல்ல ஆண்டையும் அழைக்கிறார்கள். உறைபனி விழுந்த ஆண்டையும் அழைக்கிறார்கள். நம் ஊரில் மாலையில் கடை வாயிலில் நிற்கும் மனிதன் அருந்துவது மறப்பதற்காக. கந்துவட்டியை மறக்க, நின்றுபோன தறியை மறக்க, மகளின் கண்களை மறக்க. அவன் கையிலுள்ள புட்டி எந்த வானத்தையும் அறியாது. வண்டல் தங்கும் அளவுக்கு அது ஓரிடத்தில் இருந்ததுமில்லை.

இவ்வேறுபாட்டைக் கொண்டு ஒரு மக்களை உயர்த்தி இன்னொரு மக்களைத் தாழ்த்துவது தவறு. 2015ஆம் ஆண்டில் பிரான்சில் மதுவினால் நேர்ந்த இறப்புகள் ஏறத்தாழ 41,000 என அந்நாட்டுப் பொதுநலத்துறை கணித்தது. ஆண்டு எழுதிய புட்டிகள் அவர்களைக் காக்கவில்லை. மறக்கக் குடிப்பவன் அங்கும் உண்டு. அவன் கையில் விலையுயர்ந்த புட்டியே இருந்தாலும் அவன் குடிப்பது மறதியைத்தான். நுண்சுவையைப் பேசும் செல்வரின் குடி நோயில்லை, கூலிக்காரனின் குடி மட்டுமே நோய் என்று பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

இப்போது நம் பீடத்திற்கு வருவோம். ஆண்டவர் இறுதி இராவுணவில் கிண்ணத்தை எடுத்துத் தம் நினைவாக அதைச் செய்யப் பணித்தார். நினைவுகூர்தல் என்று நாம் சொல்லுவதற்குக் கிரேக்கத்தில் 'அனம்னேசிஸ்' என்பர். கடந்துபோன நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்பதோடு அது நிற்பதில்லை. அந்நிகழ்ச்சியின் ஆற்றல் இன்று நம்மிடையே வந்து நிற்பதை அது குறிக்கிறது. திருச்சபைச் சட்டம் (924) திருப்பலிக்குரிய இரசம் திராட்சையிலிருந்து இயல்பாக உண்டானதாகவும் கெடாததாகவும் இருக்கவேண்டும் என்கிறது. வயதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. என் பங்கின் இரசப் புட்டியில் பறித்த ஆண்டு எழுதப்படவில்லை. அதன் இனிப்பைச் சேன்ட் எமிலியோன் தோட்டக்காரர் முகம் சுளிக்காமல் அருந்துவாரா என்பது ஐயமே. ஆனால் பீடத்தில் அதற்கு ஓர் ஆண்டு உண்டு. போஞ்சு பிலாத்துவின் காலம் என்று நம் நம்பிக்கை அறிக்கை அதைத் தேதியிட்டுச் சொல்கிறது.

திராட்சை நம் நாட்டிற்கு அயலானதும் அன்று. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுக் குரு கொண்டுவந்தார் என்பது வழங்கிவரும் செய்தி. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் சேலம் மறைமாவட்டத்தின் முதல் ஆயராக 1930இல் பொறுப்பேற்ற புருனியே ஆண்டகையும் பாரிசு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரரே. மதுவிலக்குச் சட்டம் நிற்கும் நம் மாநிலத்தில் திருப்பலி இரசத்திற்கென்றே 1984இல் தனி விதிகள் இயற்றப்பட்டுள்ளன. அரசின் கண்ணில் பீடத்து இரசமும் கணக்கில் வைக்கவேண்டிய மதுவே.

என் பங்கு மக்களுள் ஒருவர் கண்ணிலும் அது அப்படித்தான் பட்டது. அவர் விசைத்தறித் தொழிலாளி. இருபது ஆண்டுகள் குடியில் கழித்து, வேலை இழந்து, மனைவி தாய்வீடு சென்றபின், 'ஏ.ஏ.' என்று நாம் அழைக்கும் குடிநோயாளிகள் கூட்டத்திற்குப் போகத் தொடங்கியவர். அவர் இசைவுடனேயே இதை எழுதுகிறேன். ஒருநாள் திருப்பலி முடிந்து திருவுடை அறைக்கு வந்தார். "சாமி, தப்பா நெனைக்கக் கூடாதுங்க. பூசையில நீங்க குடிக்கறதும் அதேதானுங்களே? எனக்கு அந்த வாசம் முன்பெஞ்சு வரைக்கும் வருதுங்க" என்றார்.

குருமடத்தில் படித்த இறையியல் அவ்வேளையில் எனக்குக் கைகொடுத்தது. உட்பொருள் மாறினாலும் இரசத்தின் மணமும் சுவையும் ஆற்றலும் அப்படியே நிற்கும் என்று புனித தோமா அக்குவினார் கற்பிக்கிறார். மிகுதியாக உட்கொண்டால் மயக்கமும் தரும் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆகவே அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. "ஆமாப்பா, வாசம் அதேதான்" என்றேன். அப்பத்தின் வடிவில் மட்டும் உட்கொள்பவரும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறார் என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1562இல் கற்பித்ததை எளிய சொற்களில் விளக்கினேன். குடிநோயுள்ள குருக்கள் தக்க இசைவு பெற்று, புளித்தல் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தத் திருச்சபை இடமளித்திருப்பதையும் சொன்னேன். பின்பெஞ்சில் அமர்வதில் குறைவொன்றும் இல்லை என்றேன். அவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்ப சாமிமாருக்கும் எங்க சீக்கு வருமுங்களா?" என்று கேட்டார். வரும் என்றேன். அவர் முகத்தில் ஓர் ஆறுதல் தோன்றியது. நான் சொன்ன இறையியலைவிட அவ்வொரு சொல்லே அவரைத் தேற்றியது என்று நினைக்கிறேன்.

அவர்களுடைய கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. குடியை விட்ட நாளை ஒவ்வொருவரும் பிறந்தநாளாகக் கொண்டாடுவர். எழுந்து நின்று, தம் பெயரைச் சொல்லி, தாம் செய்ததையும் இழந்ததையும் மறைக்காமல் கூறுவர். மறப்பதற்காகக் குடித்தவர்கள் இப்போது ஒன்றுவிடாமல் நினைவுகூர்கிறார்கள். கூட்டத்தின் முன் அவர் பேசியதை ஒருமுறை நான் கேட்டேன். மகளின் காதணியை விற்ற நாளைச் சொன்னார். குரல் நடுங்கியது, ஆனால் யார்மேலும் பழியில்லை. ஒரு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அல்சீரியாவைப் பற்றிப் பேசிய முதியவரின் குரலை அங்கே கேட்டேன். ஒருவர் அருந்தியபடி பேசினார். மற்றவர் அருந்தாமையால் பேச முடிந்தது. இருவரிடமும் வண்டல் கீழே தங்கியிருந்தது.

எல்லா மக்களினங்களுக்கும் ஆண்டவர் மலைமேல் அளிக்கப்போகும் விருந்தில், வண்டல் நீங்கித் தெளிந்த பழைய இரசம் இருக்கும் என்கிறார் எசாயா இறைவாக்கினர் (25:6). தமிழில் அதற்குத் 'தேறல்' என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. அடுத்த இறைவசனங்களில் அவர் சொல்வது, மக்கள்மேல் படர்ந்த துயரத் திரை அகலும் என்பதும், ஒவ்வொரு முகத்தினின்றும் கண்ணீர் துடைக்கப்படும் என்பதும். இரசம் தெளிவதையும் மனம் தேறுவதையும் அவரும் ஒரே மேசையில் வைக்கிறார்.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லங்களிலும் துவர்ப்பான ஆண்டுகள் இருக்கும். பெயர் சொல்லி அழைக்க அஞ்சி நீங்கள் மூடிவைத்த ஓர் ஆண்டு இருக்கும். அதை மறக்க எதையும் நாடாதீர்கள். உடனே கிளறவும் வேண்டாம். செபத்தின் அமைதியில் அது சிறிது காலம் இருக்கட்டும். உரிய நேரத்தில், உங்களை நேசிக்கும் ஒருவர் முன்னிலையில், விளக்கொளியில் பார்த்துப் பார்த்து, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள்.

அந்தத் தறித் தொழிலாளிக்கு வரும் சனவரியில் ஏழாம் ஆண்டு நிறைகிறது. மனைவி திரும்பி வந்துவிட்டார். அவர் இன்னும் பின்பெஞ்சிலேயே அமர்கிறார்.